டப்பாவா, வாளியா, புழுவா? டர்பன் சமையலறைக்கு எதை முதலில் வாங்குவது

சமையலறைக் குப்பையைக் குறைக்க நினைக்கிறவர்கள் டர்பனின் சாட்ஸ்வொர்த் பக்கம் கேட்கிற முதல் கேள்வி, "எந்த உரத் தொட்டி நல்லது?" என்பது. கழிவைத் தவிடு தூவிப் புளிக்கவைக்கும் பொகாஷி வாளியா, மண்புழுப் பெட்டியா என்ற இரண்டுக்குள்தான் பேச்சு சுற்றும். என்னைக் கேட்டால் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. உங்கள் வீட்டுக் கருப்புக் குப்பைப் பையில் எது அதிகம் போகிறது என்று முதலில் பாருங்கள். வெங்காயத் தோலும் வாழைப்பழத் தோலுமா? அல்லது நேற்றைய சோறும், அழுகிய கொத்தமல்லியும், பாதியில் விட்ட ரொட்டியுமா? தோலுக்குத் தொட்டி வேண்டும், சரி. சோற்றுக்கும் ரொட்டிக்கும் தொட்டி வாங்கினால், நல்ல சாப்பாட்டைக் காசு செலவழித்து உரமாக்குகிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

தென்னாப்பிரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 1 கோடி டன் உணவு வீணாகிறது, அதாவது இங்கே விளைவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்பது இந்த நாட்டு சி.எஸ்.ஐ.ஆர் ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. அதில் பெரும்பகுதி நம் கைக்கு வருவதற்கு முன்பே வயலிலும் ஆலையிலும் போய்விடுகிறது. அங்கே நாம் போய் ஒன்றும் செய்வதற்கில்லை. ஆனால் வாங்கி, கழுவி, நறுக்கி, தாளித்து, கேஸ் எரித்து இறக்கிய பிறகு கொட்டுகிறோமே, அதுதான் எல்லாவற்றிலும் விலை கூடிய குப்பை.

இன்னொரு சிக்கலும் உண்டு. உணவு வீணாவதைக் குறைப்பதும் பிளாஸ்டிக்கைக் குறைப்பதும் ஒரே வேலை என்று பலர் நினைக்கிறார்கள். பல நேரம் இரண்டும் ஒன்றையொன்று இடிக்கும். இடிக்கும்போது எந்தப் பக்கம் நிற்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால் மற்ற முடிவுகள் எளிது. நான் உணவின் பக்கம். ஏன் என்பதற்கு வெள்ளரிக்காயே போதும்.

பொட்டலமா, உதிரியா

சூப்பர்மார்க்கெட் வெள்ளரிக்காய் உடம்போடு ஒட்டிய பிளாஸ்டிக் உறையில் வருகிறது. பார்த்தாலே எரிச்சல் வரும், எனக்கும் வரும். ஆனால் அந்த மெல்லிய உறை காயின் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கிறது. உறையில்லாத காய் ஃப்ரிட்ஜில் சில நாளில் துவண்டுவிடும். உறையுள்ளது அதைவிட வெகுநாள் நிற்கும். ஒரு வெள்ளரிக்காயை விளைவிக்கப் போன தண்ணீரும் உரமும் லாரி டீசலும், அதைச் சுற்றிய அந்தச் சில கிராம் பிளாஸ்டிக்குக்குப் போனதைவிட அதிகம். ஆகவே காய் குப்பைக்குப் போனால் நஷ்டம் பெரிது. வாங்கிய அன்றோ மறுநாளோ சம்பலுக்குப் போகப்போகிறது என்றால் உறையில்லாததை வாங்குங்கள். வாரம் முழுக்க ஃப்ரிட்ஜில் கிடக்கப்போகிறது என்றால் உறையோடு வாங்குவதில் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

எல்லாப் பிளாஸ்டிக்குக்கும் இந்தச் சலுகை கிடையாது. உருளைக்கிழங்கு, வெங்காயம், மடும்பி (சேப்பங்கிழங்கு), பூசணி இவற்றுக்குப் பிளாஸ்டிக் பை ஒரு நன்மையும் செய்வதில்லை. வெங்காயம் பையில் வேர்த்து, முளைத்து, அழுகும். கிழங்கு வகைகளை எப்போதும் உதிரியாக வாங்கிக் காற்றாடும் கூடையில் போடுவதே சரி. தெர்மகோல் தட்டில் நாலு தக்காளியை வைத்து மேலே பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டி விற்கிறார்களே, அதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

அப்போது வெஸ்ட்கிளிஃப் பங்களாதேஷ் மார்க்கெட்டுக்கே போய்விடலாமே என்பீர்கள். போகலாம். கீரை, அவரை, கத்தரி, பச்சை மிளகாய் எல்லாம் அங்கே உதிரியாகவும் கட்டாகவும் கிடைக்கும். சொந்தப் பை கொண்டுபோனால் பிளாஸ்டிக் இல்லாமலே வீடு திரும்பலாம். ஆனால் மார்க்கெட்டின் ஆபத்து அளவில் இருக்கிறது. மலிவாக இருக்கிறதே என்று பெட்டித் தக்காளியைத் தூக்கி வருகிறோம். அந்தப் பெட்டி உண்மையிலேயே மலிவாவது, வீட்டுக்கு வந்த அன்றே பாதியைச் சட்னியாக வதக்கி வைக்கிறவர்களுக்கு மட்டும்தான். அதற்கு நேரம் இல்லாத வாரத்தில் பொட்டலத் தக்காளிதான் லாபம்.

கொத்தமல்லிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் அதிகம் அழுகிப்போவது அதுதான் என்று நினைக்கிறேன். மார்க்கெட்டில் வேரோடு கட்டாகக் கிடைக்கும். கழுவாமல், வேரைத் தண்ணீர் டம்ளரில் நிறுத்தி ஃப்ரிட்ஜில் வைத்தால் நன்றாகத் தாங்கும். மிஞ்சும் என்று தெரிந்தால் அன்றைக்கே பச்சை மிளகாயும் துளி எண்ணெயும் சேர்த்து அரைத்து ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துவிடலாம். கறிவேப்பிலைக்கு இந்தப் பாடு இல்லை. பெரும்பாலான வீட்டு முற்றத்தில் மரமே நிற்கிறது, வேண்டும்போது ஒடித்துக்கொள்கிறோம்.

கடையில் பிளாஸ்டிக் பைக்குக் காசு வாங்கத் தொடங்கியது 2003-இல். தொடக்கத்தில் பை வாங்குவது குறைந்தது. அப்புறம் ஜனங்கள் அந்தச் சில்லறைக்குப் பழகிவிட்டார்கள். 2020-இல் பை மீதான அரசு வரியை 25 சென்ட்டாக ஏற்றியும் கடை வாசலில் பெரிய மாறுதல் எனக்குத் தெரியவில்லை. காரின் பின்பக்கத்தில் நாலு துணிப் பை போட்டு வைப்பதற்கு இணையான வழி வேறில்லை. இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

ஃப்ரீசர், ஐஸ்கிரீம் டப்பா, கண்ணாடி

சமைத்த உணவு மிஞ்சுவதுதான் பிரச்சினை என்றால், உங்களுக்கு வேண்டியது உரத் தொட்டி இல்லை, ஃப்ரீசர். பெரும்பாலான வீடுகளில் அது ஏற்கெனவே இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாததுதான் குறை. டர்பன் இந்திய வீட்டில் 2 லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்து உள்ளே ஐஸ்கிரீமைப் பார்த்த குழந்தை அபூர்வம். பருப்பு இருக்கும், அரைத்த இஞ்சி பூண்டு இருக்கும், போன தீபாவளி மிக்சர்கூட இருக்கும்.

எது உறையும், எது உறையாது என்பதில் தெளிவு வேண்டும். ஷுகர் பீன்ஸ் கறி, பருப்பு, சாம்பார், ஆட்டுக்கறி எல்லாம் -18 டிகிரியில் அருமையாக நிற்கும். உருளைக்கிழங்கு போட்ட கறி உறைந்து இளகினால் கிழங்கு மணல் மணலாகிவிடும். கிழங்கை எடுத்துவிட்டு மற்றதை உறைய வையுங்கள். துருவிய தேங்காய் நன்றாக நிற்கும். ரொட்டியைத் துண்டு துண்டாகவே உறைய வைத்து, வேண்டியதை மட்டும் எடுத்துச் சுட்டுக்கொள்ளலாம். முழு ரொட்டி வாங்கிப் பாதியை வீணாக்கும் வீடுகளுக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. (ரொட்டிப் பையின் வாயை மூடுகிற அந்தச் சின்னப் பிளாஸ்டிக் வில்லையை எறியாதீர்கள். 2006 முதல் அவற்றைச் சேர்த்து, மறுசுழற்சிக்கு விற்று, அந்தக் காசில் சக்கர நாற்காலி வாங்கித் தருகிற ஓர் ஏற்பாடு இந்த நாட்டில் நடக்கிறது.)

சோறு விஷயத்தில் மட்டும் கவனம். வெந்த பிறகும் சாகாத ஒரு கிருமியின் வித்துகள் அரிசியில் உண்டு. பிப்ரவரி மாதத்து டர்பன் புழுக்கத்தில் சோற்றுப் பானையை மேசையில் விட்டுவிட்டால் அது பெருகி நச்சை உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்கு அனுப்பிவிட வேண்டும்.

புரட்டாசி விரதம் இருக்கும் வீடுகளுக்கு ஒரு வசதி இருக்கிறது. மாதம் பிறப்பதற்கு முன் ஃப்ரீசரில் இருக்கும் கோழி, மீன், இறால் எல்லாவற்றையும் காலி செய்தே ஆக வேண்டும். அந்தச் சமயத்தில் டப்பா டப்பாவாக வெளியே எடுத்து வைத்துப் பார்த்தால், எதை அளவுக்கு மீறி வாங்குகிறோம் என்பது தானே தெரிந்துவிடும்.

ஃப்ரீசருக்கு எதிராக இங்கே எல்லாரும் சொல்லும் வாதம் மின்வெட்டு. நியாயமான வாதம். 2023-இல் லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்தபோது டீப் ஃப்ரீசர் நிறைய இறைச்சி வைத்திருந்தவர்கள் தூங்கவில்லை. 2024 மார்ச்சுக்குப் பிறகு அந்தத் தொல்லை பெருமளவு ஓய்ந்தாலும், கேபிள் பழுதாகி ஒரு நாள் முழுக்கக் கரண்ட் இல்லாமல் போவது இன்னும் நடக்கிறது. கணக்கு இதுதான்: கதவைத் திறக்காமல் இருந்தால் நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரம் குளிரைக் காக்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம், சாதா ஃப்ரிட்ஜ் 4 மணி நேரம்தான். எனவே காலி இடத்தை விடாதீர்கள். குடித்து முடித்த 2 லிட்டர் பாட்டில்களில் கழுத்துவரைக்கும் நிரப்பாமல் தண்ணீர் ஊற்றி இடுக்குகளில் அடுக்கிவிட்டால் ஃப்ரீசரும் நிறையும், பாட்டிலும் குப்பைக்குப் போகாது.

அப்புறம் பாத்திரம். "பிளாஸ்டிக் வேண்டாம்" என்று முடிவெடுத்தவுடன் கண்ணாடி டப்பா செட் ஒன்றை வாங்கி, வீட்டிலிருந்த ஐஸ்கிரீம் டப்பாக்களை மொத்தமாக எறிகிறவர்களைப் பார்க்கிறேன். பிளாஸ்டிக்கைக் குறைக்கக் கிளம்பி, முதல் நாளே ஒரு பை பிளாஸ்டிக்கைக் குப்பையில் போடுவது எந்தக் கணக்கில் சேரும்? அந்த டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கும், பாலிப்ரொப்பிலீன். குளிருக்குத் தாங்கும், பலமுறை பயன்படும். கொதிக்கும் கறியை அதில் ஊற்றக் கூடாது, மைக்ரோவேவிலும் வைக்கக் கூடாது. ஆறியபின் ஊற்றி, சூடாக்கும்போது வேறு பாத்திரத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மஞ்சள் கறை பிடிக்கும், பிடிக்கட்டும்.

கண்ணாடிக்கும் அதற்கான இடம் உண்டு. நேரே மைக்ரோவேவுக்குப் போக வேண்டியதற்கும், புளி, ஊறுகாய், தக்காளிச் சட்னி மாதிரி புளிப்பும் எண்ணெயும் உள்ளவற்றுக்கும் அதுதான் சிறந்தது. ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு விரல் இடம் விட வேண்டும், இல்லையென்றால் விரிசல் விடும். எடுத்தவுடன் வெந்நீரில் வைத்தாலும் விரிசல் விடும். எவர்சில்வர் தூக்கு உடையாது, தலைமுறைக்கும் வரும், ஆனால் உள்ளே இருப்பது தெரியாது. ஜிப் பைகள் இடத்தை மிச்சப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் கறி எண்ணெய் பட்ட பையைக் கழுவித் திரும்பப் பயன்படுத்த உட்கார்ந்தால் பொறுமை போய்விடும். பட்டாணிக்கும் இட்லி மாவுக்கும் சரி, கறிக்கு வேண்டாம்.

ஃப்ரீசருக்கென்று நான் புதிதாக வாங்கச் சொல்வது இரண்டே பொருள்: காகித ஒட்டுநாடா ஒரு சுருள், தடித்த பேனா ஒன்று. டப்பாவின் மேல் பெயரும் தேதியும் எழுதாத வரை எந்த ஃப்ரீசரும் மெதுவாக நிறையும் குப்பைத் தொட்டிதான்.

கருப்புப் பைக்கே போட்டுவிட்டால் என்ன?

ஒன்றும் செய்யாமல் விடுவதும் ஒரு தேர்வுதான். நிறையப் பேரின் தேர்வு அதுதான். அது எங்கே போகிறது என்று நம்மவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. டர்பனின் கிளேர் எஸ்டேட்டில், இந்தியர்கள் வாழ்ந்த வீடுகளுக்கு நடுவே, நிறவெறி அரசின் காலத்தில் 1980-இல் திறந்த பிசாசர் ரோடு குப்பைக் கிடங்கு ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய கிடங்குகளில் ஒன்றாக வளர்ந்தது. எதிர் வீட்டில் வாழ்ந்த சஜிதா கான் அதை மூடச் சொல்லி ஆண்டுக்கணக்கில் போராடி, 2007-இல் புற்றுநோயால் இறந்தார். காற்றுப் படாமல் புதைந்த உணவு மீத்தேனாகிறது. அந்த வாயுவைக் குழாய் போட்டு இழுத்து மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள், மாரியன்ஹில் கிடங்கில் 2006-இலேயே. நல்லதுதான். ஆனால் குழாய்க்கு அகப்படாமல் தப்புவதும் உண்டு, புதிய கிடங்குக்கு இடம் தேட வேண்டியதும் உண்டு. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு கடற்கரையில் நடந்தவர்கள், பிளாஸ்டிக் எந்த வழியாக எங்கே போய்ச் சேரும் என்பதைக் கண்ணாலேயே பார்த்தார்கள்.

தோலுக்கும் தொக்குக்கும்: குவியல், புழு, பொகாஷி

இப்போது தொட்டிக்கு வரலாம். மூன்று வழிகளையும் நம் சமையலையும் நம் ஊர் வெயிலையும் வைத்துப் பார்க்க வேண்டும். வேறு நாட்டு வீடியோவை வைத்துப் பார்த்தால் தப்பாகிவிடும்.

முற்றத்து மூலையில் குவித்து மக்கவைக்கும் முறைக்குச் செலவே கிடையாது. காய்கறித் தோலுக்கு இரண்டு மூன்று மடங்கு காய்ந்த சருகோ கிழித்த அட்டையோ சேர்த்து, அவ்வப்போது கிளறினால் சில மாதத்தில் உரம். மாமரமோ லிச்சி மரமோ இருந்தால் சருகுக்குப் பஞ்சமில்லை. டர்பனில் இதற்கு எதிரிகள் இரண்டு பேர். ஒன்று கோடை மழை. அக்டோபர் முதல் மார்ச் வரை மூடாத குவியல் சேறாகி நாறும். இரண்டாவது குரங்கு. வெர்வெட் குரங்குக் கூட்டம் வரும் தெருவில் திறந்த குவியல் என்பது விருந்துக்கு அழைப்பு. சமைத்த மிச்சத்தைப் போட்டால் எலியும் வரும். பெரிய முற்றம், கனமான மூடி, கிளற ஆள் மூன்றும் இருந்தால் மட்டும் இதை எடுங்கள்.

மண்புழுப் பெட்டியைப் பற்றி நிறையப் புகழ்கிறார்கள். புழு உரம் மற்ற உரங்களைவிட உசத்திதான், மறுப்பதற்கில்லை. பெட்டிக்கு ஒரு முறை கூடுதலாகச் செலவழித்தால் அப்புறம் செலவே இல்லை. ஆனால் நம் வீட்டுக் கழிவைப் பாருங்கள்: வெங்காயத் தோல், பூண்டுத் தோல், இஞ்சிச் சீவல், மிளகாய்க் காம்பு, எலுமிச்சை மூடி, புளிச் சக்கை, உப்பும் எண்ணெயும் உள்ள கறி. புழுவுக்கு ஆகாதவை என்று புத்தகத்தில் போடும் பட்டியல் அப்படியே நம் அஞ்சறைப் பெட்டியும் அரிவாள்மணையும் சேர்ந்ததுதான். அதற்கு மேல் வெயில். இந்தச் சிவப்புப் புழுவுக்கு 15 முதல் 25 டிகிரி வரை சுகம். 30-ஐத் தாண்டினால் திணறும், 35-இல் சாகும். வெயில் படும் பின்முற்றத்து மூடிய பெட்டிக்குள் ஜனவரியில் என்ன சூடு இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நிழலும் குளிர்ச்சியும் உள்ள வராந்தா இருக்கிறது, பழத்தோலும் டீத்தூளும் காய்கறித் தோலும்தான் அதிகம், காலையில் ஒருமுறை எட்டிப் பார்க்க ஆளும் இருக்கிறார் என்றால் தாராளமாக வாங்குங்கள். மூடி மேல் ஒரு செங்கல் வைக்க மறக்காதீர்கள், குரங்கு திறக்கும்.

பொகாஷி ஜப்பானிலிருந்து வந்த முறை. காற்றுப் புகாத வாளி, அடியில் குழாய், நுண்ணுயிர் கலந்த தவிடு. கழிவைப் போட்டு, மேலே தவிட்டைத் தூவி, அழுத்தி மூட வேண்டும். இது மக்குவதில்லை, புளிக்கிறது. நம் இட்லி மாவில் வேலை செய்கிற லாக்டிக் அமிலக் கூட்டம்தான் இதிலும். சோறு, கறி, மீன் முள், கோழி எலும்பு, வெங்காயம், எலுமிச்சை, எல்லாவற்றையும் ஏற்கும். தண்ணியான குழம்பையும் மொத்தமான எண்ணெயையும் மட்டும் வடிகட்டிவிட வேண்டும். பெரிய ஆட்டெலும்பு கரையாது. பச்சைப் பூசணம் பிடித்த ரொட்டியைப் போடக் கூடாது. உள்ளே வெள்ளையாகப் படர்ந்தால் பயப்பட வேண்டாம், அது நல்ல அறிகுறி. இரண்டு மூன்று நாளுக்கொரு முறை குழாயைத் திறந்து நீரை வடிக்க வேண்டும், அதைச் செய்யாத வாளிதான் நாறுகிற வாளி. வடித்த நீரை 100 மடங்கு தண்ணீரில் கலந்து செடிக்கு ஊற்றலாம். நிறைந்தபின் இரண்டு வாரம் மூடியே வைத்து, பிறகு மண்ணில் புதைத்து, இன்னும் இரண்டு வாரம் கழித்து அங்கே செடி நடலாம். உடனே நட்டால் புளிப்பு வேரைச் சுடும்.

குறைகளும் உண்டு. முதல் வாளி நிறைந்து புளிக்கும்போது இரண்டாவது வாளி வேண்டும், ஆகவே இரண்டாக வாங்க வேண்டும். தவிடு தீரத் தீர வாங்க வேண்டும். புழுவுக்கு இந்தத் தொடர் செலவு இல்லை. கோதுமைத் தவிட்டில் மொலாசஸும் (கரும்பாலைக் கழிவுப்பாகு) நுண்ணுயிர்க் கரைசலும் கலந்து வீட்டிலேயே தயாரிக்கலாம். கரும்பு நாட்டில் மொலாசஸுக்கா குறை?

இருந்தாலும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கத்துச் சராசரி வீட்டுக்கு, கறி சமைக்கிற, குரங்கு வருகிற, ஒரு முழம் மண்ணாவது இருக்கிற வீட்டுக்கு, பொகாஷிதான் என் பரிந்துரை. மூடிய வாளி சமையலறைக்குள்ளேயே இருப்பதால் குரங்குக்கும் எலிக்கும் வழியில்லை. நம் கழிவில் பெரும்பாலானதை அது ஒதுக்குவதுமில்லை. சைவம் மட்டும் சமைக்கிற சின்னக் குடும்பம் என்றால் புழுவைப் பற்றி யோசிக்கலாம்.

மேசை மேல் வைக்கும் மின்சார இயந்திரங்களும் விற்கிறார்கள். பெரும்பாலானவை உணவை உலர்த்தி அரைக்கின்றன, மக்கவைப்பதில்லை. ஈரம் பட்டால் அந்தத் தூளும் நாறும். இந்த மின்கட்டணத்தில் எனக்கு மனம் வரவில்லை. மக்கும் பிளாஸ்டிக் என்று போட்ட பைகளையும் வாளிக்குள் போடாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை மக்குவதற்குத் தொழிற்சாலைக் குவியலின் 60 டிகிரிச் சூடு வேண்டும், பொகாஷி வாளியில் அது கிடையாது. கழிவை நேரே போட்டுவிட்டு வாளியைக் கழுவுவதே மேல்.

முற்றம் முழுக்கச் சிமெண்ட் போட்டவர்களும் மாடிக் குடியிருப்பில் இருப்பவர்களும் புதைக்க இடம் எங்கே என்று கேட்பார்கள். பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் பாதி பழைய தொட்டி மண், பாதி புளித்த கழிவு என்று கலந்து, மேலே ஒரு சாண் மண் மூடி, பால்கனி நிழலில் ஒரு மாதம் வைத்தால் கழிவு அடையாளம் தெரியாமல் மண்ணாகிவிடும். அதே மண்ணில் பாதியை எடுத்துச் செடித் தொட்டிக்குப் போட்டுவிட்டு, மீதியை அடுத்த வாளிக்குக் கலவை மண்ணாக வைத்துக்கொள்ளலாம். பெட்டியின் அடியில் ஓட்டை போட்டு ஒரு தட்டு வையுங்கள், கீழ்வீட்டுக்காரர் துணி காயப்போடும் இடத்தில் சொட்டக் கூடாது.